நர்ஸ் வேலைக்குத் திரும்ப வழி உண்டா?

தவளக்குப்பம், பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் குடி என்பது யாருக்கும் புதிய சங்கதியல்ல. பக்கத்துத் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் சரி, 1971-க்குப் பிறகும் சரி, முள்ளோடை எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கத்தார் குடிப்பதற்கென்றே இப்பக்கம் வந்துபோவது ஊரறிந்த விஷயம். சாராயக்கடை, கள்ளுக்கடைகளை ஏலம் விட்டு சர்க்காரும் பணம் பண்ணுகின்றது. ஆகவே, ரோட்டோரத்தில் விழுந்து கிடக்கும் ஆண்பிள்ளையைக் கண்டால் நமது ஜனங்கள் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, மறுநாளே அவனை அதே கழனி வேலைக்கும் அதே கொத்து வேலைக்கும் கூப்பிட்டுக் கொள்ளுகின்றார்கள். "குடிக்காத நேரத்தில் தங்கமான மனுஷன்" என்று நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்துவிடுகின்றார்கள்.

ஆனால் அதே ஊரில் ஒரு நர்ஸம்மா போதை மருந்துக்கு ஆளாகிப் போலீஸ் கேஸில் மாட்டிக்கொண்டாள் என்ற செய்தி காதில் விழுந்துவிட்டால் போதும். டீக்கடை முதல் தெருக்குழாய் வரையில் அவளுக்கு ஆயுள் தண்டனை விதித்தாகி விடுகின்றது. "இனி இவள் கையாலா ஊசி போட்டுக்கொள்வது?" என்கின்றார்கள். இந்தக் கேள்வி நியாயமான கேள்விதான் என்பதை நாம் முதலிலேயே ஒப்புக்கொள்ளுகின்றோம். நோயாளியின் உயிர் விளையாட்டுப் பொருளல்ல. ஆனால் கேள்வியைக் கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகின்றார்கள் என்பதுதான் நமது புகார். அந்தப் பதிலை இன்று கொஞ்சம் நிதானமாய் யோசித்துப் பார்க்க விரும்புகின்றோம்.

ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கடன் வாங்கிப் படித்து, நர்ஸ் ஆனவள். ராத்திரி டூட்டியும், நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுவதும் சேர்ந்து இடுப்பு வலி பிடித்துக்கொள்ளுகின்றது. ஒரு நாள் டாக்டரே பெத்தடின் ஊசி எழுதிக் கொடுக்கின்றார். வலி போகின்றது; வலியோடு கவலையும், தூக்கமில்லாத களைப்பும் போகின்றது. பிறகு வார்டு அலமாரியில் இருப்பதிலேயே கை வைக்கின்றாள். கணக்குப் புத்தகத்தில் ஆம்பூல் குறைகின்றது. விசாரணை வருகின்றது, போலீஸ் வருகின்றது, வேலை போகின்றது, ஊரில் பேர் போகின்றது. பின்னர் அவள் வைத்தியம் செய்துகொண்டு, இரண்டு வருஷமாய் எந்த மருந்தையும் தொடாமல் இருந்து, "நான் கற்ற தொழிலுக்குத் திரும்பலாமா?" என்று கேட்கின்றாள். நாம் என்ன சொல்லுவது?

நமது ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பதில்கள் மூன்று. முதலாவது, "அது அவள் தலையெழுத்து" என்பது. தலையெழுத்தென்றால் கேஸ் எதற்கு, தண்டனை எதற்கு? எழுதியவனையல்லவா கூண்டில் நிறுத்த வேண்டும்? இந்தப் பதிலைப் பற்றி இதற்குமேல் பேச அவசியமில்லை.

இரண்டாவது, "கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது. இது வெறும் வீண் வேலை மாத்திரமல்ல, ஆபத்தான வேலையுமாகும். வருஷக்கணக்காய் மொடாக்குடி குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் கைகால் உதறல், வலிப்பு, மனப்பிராந்தி முதலியவை உண்டாகி உயிரே போகவும் கூடும். அதற்கு டாக்டரும் மருந்தும் படுக்கையும் வேண்டும். பூசாரியும் விபூதியும் போதா. அன்றியும், கயிறு கட்டியவன் ஆறு மாதம் கழித்து மறுபடி குடித்துவிட்டால், "சாமி குற்றம் வந்துவிட்டது" என்று பயந்து ஒளிந்துகொள்ளுகின்றானே ஒழிய, "வியாதி திரும்பியிருக்கின்றது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று நினைப்பதில்லை. வியாதி திரும்புவதைப் பாவமாக்கி விட்டால், அதை மறைப்பதற்குத்தான் மனிதன் கற்றுக்கொள்ளுவான்.

மூன்றாவது பதில்தான் மிகவும் விஷமமானது. "பொம்பளைக்கு ஒழுக்கம் கெட்டால் கெட்டதுதான்" என்பது அது. ஆண் குடித்தால் அது பழக்கம். பெண் மருந்துக்கு அடிமையானால் அது ஒழுக்கக்கேடு! ஒரே ரத்தத்தில் ஒரே மருந்து ஓடும்போது, ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் வருவானேன்? கண்டவர்களையெல்லாம் தொட்டுக் கழுவும் வேலை என்பதற்காகவே நர்ஸ் தொழிலை இந்நாட்டு மேல்ஜாதியார் வெகு காலம் இழிவாய் நினைத்தார்கள். தங்கள் சீழையும் மலத்தையும் கழுவ மட்டும் அந்தக் கை வேண்டியிருந்தது. அந்தக் கைக்குரியவளுக்கு மரியாதை கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. அந்தப் பழைய புத்திதான் இன்று "ஒழுக்கம்" என்ற வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றது.

நிற்க, போதைக்கு அடிமையாவது என்பது என்ன? மூளையில் இன்பத்தையும் வலியையும் ஆசையையும் நடத்தும் பாகங்கள் அந்த மருந்துக்குப் பழகிப்போய், அது இல்லாவிட்டால் உடம்பும் மனமும் தத்தளிக்கும்படியான நிலைமை என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்லுகின்றது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் உபயோகத்தால் வரும் மனக்கோளாறுகளையும் மனநோய் என்பதற்குள்ளேயே சேர்த்து, மற்ற வியாதிக்காரருக்குள்ள சமத்துவமான வைத்திய உரிமையை இவர்களுக்கும் கொடுத்திருக்கின்றது. 2019-ல் வெளியான இந்திய சர்க்காரின் கணக்குப்படி, குடியினால் கெட்டு உதவி வேண்டி நிற்பவர்கள் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர். அபின் வகை மருந்துகளால் அப்படியானவர்கள் சுமார் 77 லட்சம் பேர். இத்தனை பேரில் நர்ஸும் டாக்டரும் கம்பவுண்டரும் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்கள் வெள்ளை உடுப்புக்கு மந்திர சக்தி உண்டென்று நம்புகின்றவர்கள்தான். உண்மையில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், "எவ்வளவு போட்டால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும்" என்ற தைரியமும் இவர்களுக்கு அபாயத்தைக் குறைப்பதில்லை, அதிகப்படுத்துகின்றன.

இனி, இப்படி விழுந்தவர்கள் எழுந்து வேலை செய்ததுண்டா என்று பார்ப்போம். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்று ஒரு பெரிய ரண வைத்தியர் இருந்தார். 1884-க்குப் பிறகு கொக்கேயினை மரத்துப்போகும் மருந்தாக உபயோகிக்கலாமா என்று தம் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்து அதற்கு அடிமையானார். வைத்தியசாலையில் சேர்ந்து வந்த பின்னும் மார்பின் அவரை விடவில்லை. ஆயினும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ரண வைத்தியப் பேராசிரியராயிருந்து, டாக்டர்களைப் பழக்கும் முறையையே மாற்றியமைத்தார். ஆபரேஷன் அறையில் ரப்பர் கையுறை வந்ததும் அவரால்தான். ஒரு நர்ஸின் கை மருந்து நீரால் புண்ணானதைக் கண்டு செய்வித்தது அது. அவருடைய ரகசியத்தை அவரோடு வேலை செய்த ஆஸ்லர் என்ற டாக்டர் எழுதிப் பூட்டி வைத்திருந்தார்; 1922-ல் ஹால்ஸ்டெட் இறந்து, 1969-ல்தான் அது வெளியே வந்தது.

இதை நாம் மெச்சுவதற்காகச் சொல்லவில்லை. மேற்பார்வையில்லாமல் ஒரு டாக்டர் மார்பினோடு ஆபரேஷன் செய்து வந்தது சரியென்று எந்தப் புத்தியுள்ளவனும் சொல்லமாட்டான். நாம் கேட்பது இதுதான்: பெரிய மனிதனுக்கு ரகசியமும் சிநேகிதர்களும் பதவியும், அதே வியாதி வந்த நர்ஸுக்கு விலங்கும் வீதியுமா? இது என்ன மனுதர்மம்?

1935-ல் அமெரிக்காவில் குடியர்கள் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் சங்கத்தை ஆரம்பித்த இருவரில் ஒருவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற ரண வைத்தியர். ஆபரேஷனுக்குப் போகுமுன் கைநடுக்கம் நிற்பதற்காக அவர் குடித்த ஒரு பாட்டில் பீர்தான் அவருடைய கடைசிக் குடி. பிறகு 1950-ல் இறக்கும் வரையில் குடிக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரீ ஒருவரோடு சேர்ந்து சுமார் 5,000 குடியர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அந்தச் சங்கத்தார் கடவுளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுகின்றார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அங்கே வேலை செய்தது, வாரந்தோறும் மனிதன் மனிதன் முகத்தைப் பார்த்து உண்மை பேசியதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

நமது சென்னையிலேயே, குடியினால் தமது கணவரை 1979-ல் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிராமல், 1980-ல் அவர் பெயராலேயே டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை ஏற்படுத்திக் குடி, போதை வைத்தியத்திற்கு ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். 1992-ல் பத்மஸ்ரீ பட்டமும், 1999-ல் ஐக்கிய நாடுகளின் வியன்னா விருதும் அவருக்குக் கிடைத்தன. அங்கே குணமானவர்களிலேயே சிலர் மற்ற நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலைக்கு வந்திருக்கின்றார்கள். விழுந்தவனுக்குத்தான் பள்ளம் எங்கே இருக்கின்றதென்று தெரியும்.

"ஒன்றிரண்டு பேர் கதை போதாது, கணக்கு உண்டா?" என்று கேட்பவர்களுக்குக் கணக்கும் சொல்லுகின்றோம். 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அமெரிக்காவில் 16 மாகாணங்களில் போதை, குடிக்காக வைத்தியத் திட்டங்களில் சேர்க்கப்பட்ட டாக்டர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தது அது. முழுக்கணக்கு கிடைத்த 802 பேரில், ஐந்தாம் வருஷக் கடைசியில் 631 பேர் லைசென்ஸோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். வைத்தியம் முடித்து மேற்பார்வையின்கீழ் வேலைக்கு வந்த 647 பேரில், மூத்திரப் பரிசோதனையில் மறுபடி அகப்பட்டவர்கள் 126 பேர்; அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவர்கள் டாக்டர்கள், பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள், ஆகையால் நர்ஸுகளுக்கு இது அப்படியே பொருந்தாது என்று சொல்லலாம். நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் அந்த வாதம், நர்ஸுகளுக்கும் அதே வைத்தியமும் அதே மேற்பார்வையும் கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணமாகுமே ஒழிய, அவர்களைத் துரத்துவதற்குக் காரணமாகாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் 1983-லேயே நர்ஸுகளுக்கென்று இப்படியொரு திட்டம் ஏற்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் பதிவேட்டிலிருந்து அடியோடு பெயர் அடிக்கப்பட்ட நர்ஸ்கூட ஐந்து வருஷம் கழித்து மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி மனுப் போடலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2012-ல் அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி டெக்னீஷியன் பிடிபட்டான். நோயாளிக்கென்று வைத்திருந்த ஃபென்டனில் ஊசியை எடுத்துத் தான் போட்டுக்கொண்டு, அதே ஊசிக்குழாயில் வேறு நீரை நிரப்பி வைத்துவிடுவது அவன் வழக்கம். அவன் ரத்தத்தில் இருந்த ஹெபடைடிஸ் சி கிருமி இதனால் டஜன் கணக்கான நோயாளிகளுக்குத் தொற்றியது. 2013-ல் அவனுக்கு 39 வருஷ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, அதனால்தான் இவர்களை உள்ளே விடக்கூடாது என்கிறோம்" என்பார்கள். ஆனால் விசாரணையில் வெளிவந்த சங்கதி என்ன? அதற்கு முன்பே சில ஆஸ்பத்திரிகளில் அவன்மேல் சந்தேகம் வந்து, வேலையை விட்டு அனுப்பப்பட்டவன் அவன். அவன் எல்லை தாண்டி அடுத்த மாகாணத்தில் அடுத்த ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டே போனான். அவனோடு உண்மை போகவில்லை. ஆகவே நோயாளிகளுக்குக் கேடு வந்தது, குணமான ஒருவனை வெளிச்சத்தில் வைத்து வேலை கொடுத்ததாலல்ல. குணமாகாத ஒருவனை "நமக்கேன் வம்பு" என்று இருட்டில் தள்ளிவிட்டதால்தான்.

நமது நாட்டில் நடப்பதும் பெரும்பாலும் இதுவேயாகும். கணக்குக் குறைந்தால், "ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடும்" என்று சொல்லி, ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டிவிட்டால் கடமை தீர்ந்ததாய் நினைக்கின்றார்கள். அவள் அடுத்த ஊரில் அடுத்த அலமாரிச் சாவியை வாங்கிக்கொள்ளுவாள். ஒப்புக்கொண்டால் வாழ்வே போய்விடும் என்று தெரிந்த பிறகு எந்த மனுஷி தானாக வந்து "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று சொல்லுவாள்?

இது ஒருபுறமிருக்க, சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதையும் நமது கிராமத்துத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-ம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, போதை உபயோகித்த குற்றத்திற்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ ஆளான அடிமை ஒருவர், சர்க்கார் அங்கீகரித்த இடத்தில் தாமாகச் சென்று வைத்தியம் செய்துகொண்டால், அக்குற்றத்திற்காக அவர்மேல் வழக்கு நடத்தப்படாது. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டால் இந்தச் சலுகை பறிக்கப்படலாம். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும்கூட, இப்படிப்பட்ட சிறு குற்றங்களில், 39-ம் பிரிவின்படி கோர்ட்டு அவரைச் சிறைக்கு அனுப்பாமல் வைத்தியத்திற்கு அனுப்பலாம். ஆனால் ஆஸ்பத்திரி மருந்தை எடுத்த திருட்டு வழக்கு இதனால் தீர்ந்துவிடாது. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தின் 12-ம் பிரிவு, நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதிக்கேடு ஒட்டாது என்கின்றது. ஆயினும் அதைக் காட்டி, வேலையை மீண்டும் கொடுத்தே தீரவேண்டும் என்று கேட்க முடியாதென்று கோர்ட்டுகள் சொல்லிவிட்டன. வேலைக்கு மனுப்போடுகிறவர் தம் மேலுள்ள வழக்கை மறைக்கக் கூடாதென்றும், உள்ளதைச் சொன்ன பிறகு எஜமானர் குற்றத்தின் தன்மையைச் சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றும் 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது.

ஆகவே, கோர்ட்டுக் கதவு பாதி திறந்திருக்கின்றது. வைத்தியக் கதவும் திறந்திருக்கின்றது. அடைத்துக் கிடப்பது தொழிற்கதவு ஒன்றுதான். அதைத் திறக்க நாம் கேட்பது தர்மமோ தயவோ அல்ல, ஒழுங்கான ஏற்பாடு.

முதலாவது, அகப்படுவதற்கு முன் தானாக வந்து ஒப்புக்கொள்ளும் நர்ஸுக்கு, அன்றே வார்டிலிருந்து விலக்கி, வைத்தியத்திற்கு அனுப்பும்படியான வழி ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் எழுத்து மூலமாய் இருக்க வேண்டும். இரண்டாவது, திரும்பி வருவது டாக்டர் சர்டிபிகேட்டின் மேலும், முன்னறிவிப்பில்லாத மூத்திரப் பரிசோதனையின் மேலும் இருக்க வேண்டும். மூன்றாவது, திரும்பியவளுக்குக் குறிப்பிட்ட காலம் போதைமருந்து அலமாரிச் சாவி கூடாது. தனி ராத்திரி டூட்டி கூடாது. வெளிநோயாளிப் பகுதி, தடுப்பூசி, தாய்சேய் நலம் போன்ற இடங்களில் வேலை கொடுக்கலாம். நான்காவது, எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த அலமாரிக்கு இரட்டைப் பூட்டும், இரண்டு பேர் கையெழுத்தும், வெற்று ஆம்பூல் கணக்கும் கண்டிப்பாய் நடக்க வேண்டும். இது குணமானவளுக்கு மாத்திரமல்ல, எல்லாருக்கும் வேண்டிய காவல். ஐந்தாவது, நர்ஸ் கவுன்சில்கள் பெயரை அடிப்பதற்கு வைத்திருக்கும் அக்கறையைப் பெயரைத் திரும்பச் சேர்ப்பதற்கான நிபந்தனைகளை வெளிப்படையாய் எழுதி வைப்பதிலும் காட்ட வேண்டும்.

இதோடு, நர்ஸை வதைத்து வேலை வாங்குவதும் நிற்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு சொல்லி 2016-ல் அமைக்கப்பட்ட கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்று சிபார்சு செய்தது. அதை எத்தனை முதலாளிகள் மதித்தார்கள் என்பதைப் பக்கத்து வீட்டு நர்ஸைக் கேட்டால் தெரியும். இரட்டை டூட்டி பார்க்கச் சொல்லி இடுப்பை ஒடித்துவிட்டு, பிறகு "வலி மருந்தை ஏன் தொட்டாய்?" என்று கேட்பது என்ன நியாயம்?

எல்லாரையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. நோயாளி வலியில் துடிக்கத் துடிக்க, அவன் மருந்தை எடுத்துக்கொண்டு தண்ணீரை ஏற்றியவர்களும், தெரிந்தே உயிருக்குக் கேடு செய்தவர்களும், வைத்தியத்தை மறுத்து மறுத்துப் பொய் சொல்லுகிறவர்களும் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. அவர்களுக்கும் வைத்தியமும் சோறும் வேண்டும். ஆனால் அந்த வேலை வேண்டாம். யார் இந்த ரகம், யார் அந்த ரகம் என்பதை விசாரணையும் பரிசோதனையும் காலமும் சொல்லட்டும். ஊர் வாய் சொல்ல வேண்டாம்.

ஏனெனில் ஊர் வாயின் யோக்கியதை நமக்குத் தெரியும். 1871-ல் வெள்ளைக்காரன் போட்டு, 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையையே திருடன் என்று எழுதி வைத்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் அது ஒழிக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, ஆனால் "ஒரு தரம் திருடியென்றால் என்றைக்கும் திருடி" என்ற புத்தி நமது மூளையிலிருந்து இன்னும் போகவில்லை. பிறப்பினால் ஒட்டிய கறை பொய் என்று சொல்லும் நாம், செய்கையினால் வந்த கறை மட்டும் எந்தச் செய்கையினாலும் போகாது என்று எப்படிச் சொல்லுவது? மனிதன் மாறக்கூடியவன் என்பதில் நம்பிக்கை இல்லாதவனுக்குச் சீர்திருத்தம் பேச என்ன உரிமை இருக்கின்றது?

ஆகையால், தவளக்குப்பத்துத் தோழர்களே! நாளைக்கு உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்படியொரு நர்ஸம்மா மறுபடி வேலைக்கு வந்து நின்றால், அவளைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசாதீர்கள். உங்களுக்குச் சந்தேகமிருந்தால் ஆஸ்பத்திரி அதிகாரியிடம் நேரே போய், "மருந்துக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? பரிசோதனை நடக்கின்றதா?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அதிகாரியின் கடமை. பதில் சரியாயிருந்தால் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய பழைய கதையைக் கிளறிப் பொழுதுபோக்குவதைவிட, அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கவனிப்பதுதான் உங்கள் வீட்டு நோயாளிக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது என்பதே நமது அபிப்பிராயமாகும்.